வாசல் செம்பனையின் கர்மா

புக்கிட் ரோத்தானில் உடையப்பன் வீட்டு வாசலில் நின்ற செம்பனை மரம் சாமியாகிவிட்ட செய்தி ஃபியோனாவுக்கு அவளுடைய அம்மாவிடமிருந்து வந்தது. மாதா கோயில் பெண்கள் குழுவில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு படத்தை, 'இதையெல்லாம் நம்பாதே' என்ற எச்சரிக்கையோடு பேட்ரிசியா மகளுக்கு அனுப்பியிருந்தார். படத்தில் ஒரேயொரு செம்பனைப் பழம். நடுவில் வழக்கமான பழம் இருந்தது. அதைச் சுற்றி, சதைப்பற்றான விரல்கள் போல ஐந்தாறு முளைகள் எழும்பி அதை மூடப் பார்த்தன. அவற்றில் ஒன்று மட்டும் நீண்டு, நுனியில் வளைந்திருந்தது. அது தும்பிக்கை என்று பார்த்தவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள்.

ஃபியோனா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

அவள் காஜாங் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஆராய்ச்சியே இந்த மாதிரிப் பழத்தைப் பற்றித்தான். திசு வளர்ப்பு முறையில், கண்ணாடிக் குடுவைக்குள் உண்டாக்கப்படும் செம்பனைக் கன்றுகளில் சில, நட்டுச் சில ஆண்டுகளுக்குப் பிறகு இப்படிப் போர்வை போர்த்திய பழத்தைக் காய்க்கும். குலை ஒழுங்காகத் திரளாது, பழத்திலிருந்து பிழியும் எண்ணெயும் குறையும். பெரிய தோட்டங்களில் அப்படி ஒரு மரம் தலைகாட்டினால் உடனே வெட்டிச் சாய்த்துவிடுவார்கள். ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று கேட்டுப் போகிற மாணவிக்கு அடிக்கட்டைதான் மிஞ்சும். இங்கேயோ ஒரு மரம் முழுசாக, மஞ்சள் துணி கட்டி, பொட்டு வைத்து, அவளுடைய சொந்த ஊரிலேயே நின்றுகொண்டிருந்தது.

மறுநாளே அவள் அந்த வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தாள். எடுத்தது உடையப்பனின் மனைவி மாலா.

"மரத்தப் பத்தி ஆராய்ச்சியா? வாம்மா, தாராளமா வா," என்றார் மாலா. "புதன்கிழமை காலையில வா. அன்னைக்கு இவரு கோலசிலாங்கூர் போயிடுவாரு."

அந்தக் கடைசி வாக்கியத்தின் பொருள் ஃபியோனாவுக்கு அவர்கள் வீட்டுக்குப் போன பிறகுதான் விளங்கியது. உடையப்பன் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். தோட்டம் தோட்டமாகச் செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போய் வந்த மனிதருக்கு, வீட்டில் உட்காருவது ஒரு தண்டனையாக இருந்தது. பக்கத்து வீட்டு வள்ளியம்மா பழத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்ட நாளிலிருந்து அவருக்கு மறுபடியும் வேலை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை தோறும் கூட்டம் வந்தது. நாலு நம்பர் லாட்டரி எடுக்கிறவர்கள் பட்டையில் விரலை வைத்துத் தேய்த்து எண் தெரிகிறதா என்று பார்த்தார்கள். உடையப்பன் வேட்டி கட்டிக்கொண்டு தீபம் காட்டினார்.

மாலாவுக்கு அந்த மரத்தைக் கண்டாலே ஆகாது. ஒரு காரணம், கூட்டம் அவருடைய வெண்டைப் பாத்தியை மிதித்துத் துவைத்துவிட்டது. இன்னொரு காரணத்தை அவர் தேநீர் ஊற்றும்போது சொன்னார்.

"இந்தக் கன்னுங்கள வாங்குனது நான். வீட்டுக்குப் பின்னாடி நிக்கிற மத்த மரமெல்லாம் நல்லாத்தான் காய்க்குது. இது ஒண்ணு மட்டும் இப்படி. கன்னு வித்தவர்கிட்ட கேட்டா, 'நீங்க உரத்த அள்ளிக் கொட்டிட்டீங்க, அதான் இப்படி'ன்னு சொல்லிட்டாரு. எங்க நாத்தனா, கொழுந்தன் எல்லார் முன்னாலயும் சொன்னாரு. அதுலேருந்து எங்க வீட்டு ஆளுங்க செடி நட்டா என்னைக் கூப்பிட்டு, 'அண்ணி, நீங்க கை வைக்காதீங்க'ன்னு சிரிக்கிறாங்க." அவர் குவளையைத் தள்ளி வைத்தார். "உரம்தான் காரணமா இல்லையா, அத மட்டும் எனக்குச் சொல்லு."

"அதுக்கு எனக்கு மரத்துலேருந்து பாளை வேணும் ஆண்ட்டி. உள்ள மட்டைக்கு இடுக்குல இருக்கிற சின்னப் பாளை."

"எலை போதாதா? இங்கயே கெடக்கே."

"டிஎன்ஏ வேணும்னா எலை போதும். மரத்துல எங்க எடுத்தாலும் டிஎன்ஏ ஒண்ணுதான். ஆனா பூ எப்படி வளரணும்ங்கிற பகுதிய எலை படிக்காது, பூதான் படிக்கும். படிக்கிறப்ப அது ஒரு நகல் எடுக்கும், ஆர்என்ஏன்னு. அந்த நகல்தான் எனக்கு வேணும்."

உளியையும் அரிவாளையும் மாலாவே எடுத்துவந்தார். மஞ்சள் துணிக்குப் பட்டுவிடாமல், பின்பக்கமாக இரண்டு மட்டைகளை வெட்டி, விரல் நீளமே இருந்த ஒரு பாளையைப் பிடுங்கினார்கள். ஃபியோனா அதைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து மூடினாள். வேலை சுலபமாக முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே காரை எடுத்தாள்.

நெடுஞ்சாலையில் லோரி ஒன்று குடை சாய்ந்திருந்தது. வண்டிகள் நகரவே இல்லை. ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பெட்டிக்குள் பனிக்கட்டி பாதி தண்ணீராகியிருந்தது.

டிஎன்ஏவாக இருந்தால் அவள் கவலைப்பட்டிருக்க மாட்டாள். அது கெட்டியான சரக்கு, பழைய எலும்பில்கூடக் கிடந்து சமாளிக்கும். ஆர்என்ஏ அப்படியில்லை. செல் அதை எடுப்பதே கொஞ்ச நேரப் பயன்பாட்டுக்குத்தான். வேலை முடிந்ததும் செல்லே அதை அரித்துத் தின்றுவிடும். வியர்வையில், எச்சிலில், தூசியில் எங்கும் அதைத் தின்கிற நொதிகள் உண்டு. ஃபியோனா இரண்டு கையுறை மாட்டிக்கொண்டு, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு பாளையை அரைத்து, ஆர்என்ஏவைப் பிரித்து, கூழ்த் தகட்டில் மின்சாரம் பாய்ச்சி ஓட்டிப் பார்த்தாள். இரண்டு தெளிவான பட்டைகள் தெரிய வேண்டிய இடத்தில், அழிரப்பரால் தேய்த்தது போல ஒரு தீற்றல் மட்டும் இருந்தது.

"செத்துப்போச்சு," என்றான் பக்கத்து மேசை மார்கஸ். சுங்கை பெசார்க்காரன், நெல்லில் ஆராய்ச்சி செய்கிறவன். "லிக்விட் நைட்ரஜன் கொண்டுபோயிருக்கணும். பிடுங்கின உடனே அதுல போட்டுடணும், அங்கேயே."

"ஒரு பாளையில முடிஞ்சிரும்னு நெனச்சேன்."

"திரும்பப் போ. இன்னொண்ணு எடு. சாமி கோவிச்சுக்காது லா."

சாமி கோபித்துக்கொண்டதோ இல்லையோ, உடையப்பன் கோபித்துக்கொண்டார். அன்று மாலையே வெட்டுக்காயத்தைப் பார்த்துவிட்டார். மாலா மறைக்கவில்லை. ஃபியோனாவின் எண்ணை அவரே கணவரிடம் கொடுத்து, "நீங்களே பேசிக்கங்க" என்று சொல்லிவிட்டார். தொலைபேசியில் உடையப்பன் சத்தம் போடவில்லை. "பெத்தவங்க இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அது ஃபியோனாவுக்குச் சத்தத்தைவிட மோசமாக இருந்தது.

சனிக்கிழமை அவள் நேரில் போனாள். உடையப்பன் மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவளுக்கு நாற்காலி போடச் சொல்லவில்லை. மாலா சொல்லாமலே கொண்டுவந்து போட்டார்.

"உங்களக் கேக்காம எடுத்தது என் தப்பு அங்கிள். மன்னிச்சிருங்க," என்றாள் ஃபியோனா. "ஆனா பொய் சொல்ல விரும்பல. இன்னும் ஒண்ணு வேணும். அதக் கேக்கத்தான் வந்தேன்."

உடையப்பன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். இத்தனை நேர்மையை அவர் எதிர்பார்க்கவில்லை போலிருந்தது.

"அப்படி என்னதான் இருக்கு அதுல? சொல்லு. புரியற மாதிரி சொல்லு."

ஃபியோனா சொன்னாள். பூவை வளர்க்கிற புரதத்துக்கான செய்தி டிஎன்ஏவில் ஒரே தொடர்ச்சியாக இல்லை என்றாள். நடுநடுவே வேண்டாத நீளங்கள் கிடக்கின்றன. செல் எல்லாவற்றையும் சேர்த்தே நகலெடுக்கும். அப்புறம் வேண்டாததை வெட்டியெறிந்து, வேண்டியதை ஒட்டவைக்கும். ஒட்டி முடித்த நகல்தான் வெளியே போகும், அதைப் பார்த்துத்தான் புரதம் உருவாகும்.

மாலா சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ரவிக்கை தைக்கிறவர். "எங்க வெட்டணும்னு அதுக்கு எப்படித் தெரியும்? நான் சுண்ணக்கட்டியால கோடு போட்டுக்குவேன்."

"அதேதான் ஆண்ட்டி. வெட்டுற எடத்துல குறி இருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் ஆரம்பத்துல ஒண்ணு, முடிவுல ஒண்ணு."

"குறி தப்பா விழுந்தா?"

"அதான் இங்க நடந்தது. இந்தப் பூ மரபணுவுல ஒரு வேண்டாத நீளத்துக்குள்ள, வேற ஒரு துண்டு எப்பவோ வந்து ஒட்டிக்கிச்சு. அந்தத் துண்டுக்குள்ளயும் வெட்டுற குறி ஒண்ணு இருக்கு. சாதாரண மரத்துல அதுமேல சின்னச் சின்ன மூடி போட்ட மாதிரி இருக்கும், மெத்தில்னு சொல்லுவோம். மூடி இருக்கிற வரைக்கும் அந்தக் குறி செல்லு கண்ணுலயே படாது. குடுவையில வளக்கிறப்ப சில கன்னுல மூடி கழண்டு போயிடுது. அப்புறம் அங்க போய் வெட்டி ஒட்டிடும். நகல் பாதியிலேயே முடிஞ்சிரும். பாதிப் புரதத்த வச்சிக்கிட்டுப் பூ தடுமாறுது. பழத்தச் சுத்தி வெரல் மொளைக்கிறது அதனாலதான்."

உடையப்பன் மரத்தை அண்ணாந்து பார்த்தார். "அந்த வந்து ஒட்டிக்கிட்ட துண்டு, அதுக்குப் பேரு இருக்கா?"

ஃபியோனா தயங்கினாள். இந்தக் கேள்வி வரக் கூடாது என்று வண்டியில் வரும்போதே நினைத்துக்கொண்டு வந்தாள்.

"கர்மா, அங்கிள்."

"என்னது?"

"கர்மா. அதான் பேரு. ஜப்பான்காரங்க நெல்லுல மொதல்ல இந்த வகைத் துண்டப் பாத்தப்ப வச்ச பேரு. செம்பனையில இருக்கிறதுக்கும் அதுவே வந்துருச்சு. மூடி இருந்தா நல்ல கர்மா, மூடி போனா கெட்ட கர்மான்னு நாங்களே சொல்றதுதான்."

மாலா நெற்றியில் கைவைத்துக்கொண்டார். உடையப்பன் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"கேட்டியா மாலா? ஜப்பான்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு. இந்தக் கிறிஸ்டியன் பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு. உனக்குத்தான் தெரியல."

"பேரு மட்டும்தான் அங்கிள், அதுல வேற அர்த்தம்…"

"நீ எடுத்துக்க. ஆனா வெள்ளிக்கிழமை வா. பூசை முடிச்சு, உத்தரவு கேட்டுட்டு எடுக்கலாம். திருட்டுத்தனமா எடுத்ததாலதான் மொத தடவ கெட்டுப்போச்சு."

இந்த முறை எதையும் விளக்காமல் ஃபியோனா தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை மார்கஸும் உடன் வந்தான். பெரிய பால் கேன் போன்ற குடுவையில் நைட்ரஜன் திரவத்தைக் காரின் பின்னிருக்கையில் பெல்ட் போட்டுக் கட்டி, சன்னல்களைத் திறந்துவிட்டுக்கொண்டே வந்தார்கள். அவர்கள் சேர்ந்தபோது வாசலில் நிற்க இடமில்லை. மரத்துச் சாமியிடம் உத்தரவு கேட்கப்போகிறார்கள் என்ற செய்தியை வள்ளியம்மா முந்தின நாளே ஊர் முழுக்கப் பரப்பியிருந்தார்.

உடையப்பன் கற்பூரம் காட்டினார். தேங்காய் உடைத்தார். பூவொன்று மட்டையிலிருந்து விழுந்தது. உத்தரவு கிடைத்துவிட்டது. மார்கஸ் ஏணியில் ஏறி மட்டையை வெட்டினான். ஃபியோனா கீழே நுரைப்பெட்டி ஒன்றைத் தயாராக வைத்து, குடுவையைச் சாய்த்தாள்.

வெண்மூட்டம் கிளம்பியது. பெட்டியை நிறைத்து, விளிம்பில் வழிந்து, மரத்தின் அடியைச் சுற்றிப் படர்ந்து, முன்வரிசையில் நின்றவர்களின் கால்களை மறைத்தது. பேச்சு அடங்கிவிட்டது. பாளை பெட்டிக்குள் விழுந்ததும் திரவம் கொதித்துச் சீறியது.

"மூச்சு விடுது," என்றார் வள்ளியம்மா மெதுவாக.

அதோடு முடிந்தது. கைகள் எல்லாம் தலைக்கு மேல் போயின. ஒருவர் தரையில் விழுந்து கும்பிடப் போக, மார்கஸ் ஏணியிலிருந்து குதித்து அவரைத் தூக்கிவிட்டான். "அண்ணே, தொடாதீங்க, கை வெந்துரும்." அது இன்னும் மோசமாகிவிட்டது. தொட்டால் வேகும், ஆனால் குளிர்கிறது என்று ஆளுக்கு ஆள் சொல்லத் தொடங்கினார்கள். ஃபியோனா சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டாள். இடுக்கியால் பாளையை எடுத்துக் குழாயில் போட்டு, குழாயைக் குடுவைக்குள் இறக்கி மூடினாள். அப்போதுதான் கைப்பேசிகள் எல்லாம் குடுவையை நோக்கித் திரும்பியிருப்பதைக் கவனித்தாள். குடுவையின் பக்கவாட்டில் பல்கலைக்கழகம் ஒட்டியிருந்த வெள்ளைச் சீட்டில் நான்கு இலக்கத்தில் ஓர் எண் இருந்தது.

"அது லேப் சாமானுக்குப் போட்ட நம்பர், அக்கா," என்றான் மார்கஸ்.

"அதான் தம்பி வேணும்," என்றார் ஒரு பெண்மணி. "கொஞ்சம் நகந்துக்க, வெளிச்சம் மறைக்குது."

அன்று சாயங்காலம் புக்கிட் ரோத்தானிலும் சுற்றுவட்டாரத்திலும் அந்த எண்ணுக்குப் பணம் கட்டாதவர்கள் குறைவு. ஞாயிறு காலை பேட்ரிசியா மகளைக் கூப்பிட்டு, "அந்த நம்பர் வரலியாமே" என்று சொன்னார். குரலில் ஒரு சின்ன ஏமாற்றம் இருந்தது. ஃபியோனா ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மரத்தடியில் கூட்டம் பாதியானது. அதற்கடுத்த வாரம் வள்ளியம்மாவும் இன்னும் இருவரும் மட்டும் வந்தார்கள். பிறகு ஈஜோக் பக்கம் ஒரு புற்றில் மஞ்சள் பாம்பு தெரிந்ததாகச் செய்தி வந்து வள்ளியம்மாவும் அங்கே போய்விட்டார்.

இந்த முறை ஆர்என்ஏ பிழைத்தது. தகட்டில் இரண்டு பட்டைகளும் கூர்மையாக விழுந்தன. ஃபியோனா அதைப் படமெடுத்து எல்லோருக்கும் காட்டினாள். அடுத்த சில வாரங்கள் அவள் அந்த நகல்களைத் தேடித் தேடி அளந்தாள். ஒழுங்காக வெட்டி ஒட்டிய முழு நீள நகல் இருந்தது. கர்மாவில் போய் வெட்டிப் பாதியில் முடிந்த குட்டை நகலும் இருந்தது. அவள் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது ஒன்று: குட்டை நகல் மிகக் குறைவாக இருந்தது. அளவில் பிழையோ என்று மறுபடியும் ஓட்டினாள், மறுபடியும் அப்படியே வந்தது. அன்றே கொண்டுவந்திருந்த இலையிலிருந்து எடுத்த டிஎன்ஏவைச் சோதித்தபோது காரணம் தெரிந்தது. கர்மாவின் மேல் மூடிகள் திரும்ப விழத் தொடங்கியிருந்தன.

அவள் முடிவோடு போனபோது உடையப்பன் மரத்தைச் சுற்றியிருந்த மஞ்சள் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சங்கிலி ரம்பம் ஒன்று கிடந்தது. நண்பரிடம் இரவல் வாங்கியதாம்.

"வெட்டிடலாம்னு இருக்கேன்," என்றார் அவளைப் பார்க்காமல். "போறவன் வர்றவன் எல்லாம், 'என்ன உடையப்பா, சாமி எங்க'ன்னு கேக்குறான். கடையில உக்காந்து ஒரு தே தண்ணி குடிக்க முடியல."

"அங்கிள், கொஞ்சம் உக்காருங்க. ஆண்ட்டியும் வரட்டும்."

மாலா ஊசி குத்திய துணியைத் தோளில் போட்டபடியே வந்தார். ஃபியோனா முதலில் அவரைப் பார்த்தே சொன்னாள்.

"உரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல ஆண்ட்டி. இது கன்னு உங்க கைக்கு வர்றதுக்கு முன்னாலயே, குடுவையில இருந்தப்ப நடந்தது. நீங்க என்ன செஞ்சிருந்தாலும் இப்படித்தான் காய்ச்சிருக்கும்."

மாலா தோளிலிருந்த துணியை எடுத்து மடித்தார், மறுபடியும் பிரித்தார். பிறகு உள்ளே போய்க் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"திருப்பிச் சொல்லு. ரெக்கார்ட் பண்றேன்."

ஃபியோனா திருப்பிச் சொன்னாள். "உன் பேரையும், படிப்பையும் சொல்லு" என்றார் மாலா. அதையும் சொன்னாள். அங்கேயே நின்று மாலா அதைக் குடும்பக் குழுவுக்கு அனுப்பினார். பிறகு கன்று விற்றவருக்கு அனுப்பினார். குடும்பக் குழுவில் உடனே சத்தம் கிளம்பியது. கன்று விற்றவரிடமிருந்து பல நாள் கழித்து ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வந்தது. மாலா அதையும் குடும்பக் குழுவுக்கு அனுப்பிவைத்தார்.

"இன்னொண்ணு இருக்கு," என்றாள் ஃபியோனா. "மூடி திரும்ப விழுது. சில மரம் இப்படித் தானாவே சரியாகும், எதனாலன்னு எங்களுக்கு இன்னும் முழுசாத் தெரியாது. இப்ப உள்ள இருக்கிற பாளையெல்லாம் குலையா வெளிய வர்றப்ப நல்ல பழமா இருக்கலாம். உறுதியாச் சொல்ல மாட்டேன்."

உடையப்பன் ரம்பத்தைப் பார்த்தார். மாலாவோ அதை எடுத்துத் திண்ணையின் மேல் வைத்துவிட்டார்.

"இருக்கட்டும்," என்றார். இத்தனை நாளும் வெட்டு வெட்டு என்று சொன்னவர் அவர்தான். "என்மேல தப்பில்லன்னு ஆயிருச்சு. இனிமே அது எப்படிப் போகுதுன்னு நான் பாக்கணும்."

"பாத்து என்ன பண்ணப்போற?"

"சும்மா பாக்கணும். தண்ணி நீங்க ஊத்துங்க."

உடையப்பன் தண்ணீர் ஊற்றினார். வேறு வேலை அவருக்கும் இல்லை. மட்டை கழித்தார், களை எடுத்தார், வெண்டைப் பாத்தியைத் திரும்பக் கட்டிக் கொடுத்தார். மாதத்துக்கு ஒருமுறை ஃபியோனா வந்து இலை எடுத்துப் போனாள். வருகிறபோதெல்லாம் அவர், "இப்ப எவ்வளவு மூடி?" என்று கேட்பார். அவள் சொல்லும் சதவிகிதத்தைக் கடைக்குப் போய்ச் சொல்லுவார். கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் ஒருவருக்கும் புரியவில்லை.

அடுத்த ஆண்டு கடைசியில் ஒரு குலை திரண்டு பழுத்தது. மாலா கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுக் கணவரைக் கூப்பிட்டார். உடையப்பன் அறுத்து இறக்கினார். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பழங்களை ஒவ்வொன்றாக உதிர்த்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அடிப்பக்கத்தில் சில பழங்களில் மட்டும் ஒரு சின்ன முளை இருந்தது. மற்றதெல்லாம் மொழுமொழுவென்று, சிவந்து, எந்தத் தோட்டத்திலும் காய்க்கிற பழம். மாலா அனுப்பிய படத்தைப் பார்த்தபோது ஃபியோனா ஆய்வுக்கூடத்தில் கையுறையோடு இருந்தாள். பதில் அனுப்ப முடியாமல் மார்கஸைக் கூப்பிட்டு, மூன்று இதயம் போடச் சொன்னாள்.

குலையை உடையப்பன் மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு, குலை வாங்கும் இடத்துக்குப் போனார். அங்கே எடை போடுகிற ஆள் அதைத் தூக்கித் தராசில் வைத்தார், எடையைச் சொன்னார், பிறகு ஒரே வீச்சில் குவியலில் எறிந்தார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. உடையப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்னால் ஒரு லோரி ஹாரன் அடித்தது, வண்டியை ஓரம் கட்டினார். குவியலில் தன்னுடைய குலை எது என்று கொஞ்ச நேரம் தேடினார். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. அவருக்குச் சிரிப்பு வந்தது. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.